வணக்கமும் ஆராதனையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கி.பி. 754இல் கான்ஸ்டான்டிநோபிளுக்கு அருகே ஹியரியாவில் சங்கமாகக் கூடிய 338 ஆயர்கள், கிறிஸ்து, மாதா, புனிதர்கள் ஆகியோரின் படங்களான திருவுருவங்களைக் கண்டித்தார்கள். 787இல் நிசேயாவில் கூடியவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். இவற்றில் எது செல்லும்? பாமரரின் மூடப்பழக்கத்துக்குத் திருச்சபை பணிந்துபோனதாகவே எனக்குப் படுகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஹியரியாவைக் கூட்டியவர் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன். கான்ஸ்டான்டிநோபிளின் ஆயர் பீடம் அப்போது காலியாக இருந்தது. உரோமை, அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, எருசலேம் ஆகிய மற்ற நான்கு தலைமைப் பீடங்களிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. ஆகவே தலைகளை எண்ணிக் காட்டாதீர்கள்.

ஆனால் ‘பாமரர்’ என்று எழுதினீர்களே, அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. எருசலேமுக்கு அருகே மார் சபா மடத்தில் வாழ்ந்து, உருவங்களுக்காக மூன்று நூல்கள் எழுதிய இறையியலாளர் தமஸ்கு நகர யோவானை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

நிசேயாவின் தீர்ப்பே ஒரு சொல் வேறுபாட்டின் மீதுதான் நிற்கிறது. உருவத்துக்கு உரியது ‘ப்ரொஸ்கினேசிஸ்’, அதாவது பணிந்து செய்யும் வணக்கம். ‘லாத்ரேயா’ என்னும் ஆராதனையோ கடவுள் ஒருவருக்கே உரியது. கிரேக்கத்தில் இவ்வளவு கவனமாகப் பிரித்துவைத்ததை, மேற்கே போன லத்தீன் மொழிபெயர்ப்பு, வணக்கம் என்ற இடத்தில் ஆராதனையையும் குறிக்கும் ‘அதோராசியோ’ என்ற சொல்லை எழுதிக் குழப்பியது. அதைப் படித்த, பிராங்கிய மன்னர் சார்லிமேனின் இறையியலாளர்கள், மூவொரு கடவுளுக்குச் செய்வதையே படங்களுக்கும் செய்யச் சொல்கிறார்கள் என்று கொதித்தெழுந்தார்கள். 794இல் பிராங்க்ஃபர்ட்டில் கூடி, நிசேயா சொல்லவே சொல்லாத ஒன்றைக் கண்டித்தார்கள். அந்த நிசேயாவைத் திருத்தந்தை முதலாம் ஆதிரியானே ஏற்றிருந்தார் என்பது இன்னும் வேடிக்கை. மொழிபெயர்ப்பை எடுபிடி வேலையாக நினைப்பவர்களுக்கு இதை நான் சலிக்காமல் சொல்லிவருகிறேன்.

என் பாட்டி கத்தோலிக்கர். எங்கள் வீட்டு மாதா படத்தின் சட்டத்தை விரலால் தொட்டு, அந்த விரலை முத்தமிட்டுவிட்டுத்தான் படுக்கப்போவார். கீழ்விளிம்பில் அவர் விரல் பட்ட இடத்தில் மட்டும் வார்னிஷ் தேய்ந்து மரம் தெரிந்தது. சீர்திருத்த சபையைச் சேர்ந்த பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள், “படத்தைப் போய்க் கும்பிடுறீங்களே பாட்டி” என்று சீண்டினார். பாட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஆராதனை ஆண்டவருக்கு, மாதாவுக்கு வணக்கம்; இதுகூடத் தெரியாதாடி?” என்றார்.

அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ரேஷன் அட்டைக்கும் கைநாட்டுதான், அதே விரலால்.

அன்புடன்.