காக்பிட்டை விலைக்கு வாங்குவது

வணக்கம் சார்,

உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

ஜெர்மனியில் லைப்சிக் பக்கம் இருக்கிறேன், மென்பொருள் வேலை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் டிசிஎஸ் என்ற கணினி விமான சிமுலேட்டரில் மிக்-21 போர் விமானத்தை ஓட்ட உட்கார்ந்துவிடுவேன். இப்போது ஒரு நிஜமான மிக்-21இன் முன்பகுதி இங்கே விற்பனைக்கு வந்திருக்கிறது. பழைய கிழக்கு ஜெர்மனி விமானப்படையில் இருந்தது. காக்பிட்டுக்குப் பின்னால் அறுத்துவிட்டார்கள். இறக்கை, இன்ஜின், வால் எதுவும் கிடையாது. ஆனால் உள்ளே கேஜ்களும் சுவிட்சுகளும் முக்கால்வாசி அப்படியே இருக்கின்றன. அதை கராஜில் வைத்து சிமுலேட்டராக மாற்றலாம் என்று ஆசை.

நிஜ காக்பிட்டில் உட்கார்ந்தால் பறக்கும் அனுபவம் கூடுமா? என் நண்பன், "வானத்தில் பறந்ததை விளையாட்டுச் சாமான் ஆக்குவது பாவம்டா" என்கிறான். அவன் சொல்வது சரியா? ஆபத்து ஏதும் உண்டா?

என் சித்தப்பா இந்திய விமானப்படையில் இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டராக இருந்தவர், மிக்-21இல் வேலை பார்த்தவர். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் அதற்கு விடைகொடுத்ததை டிவியில் பார்த்துவிட்டு அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லையாம். அவரிடம் இந்த யோசனையைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

பறக்கும் அனுபவம் கூடுமா என்றால், கூடாது. சில விஷயங்களில் இப்போது இருப்பதைவிடக் குறையும்.

திரையை எங்கே வைப்பீர்கள்? காக்பிட் கண்ணாடிக்கு வெளியேதான் வைக்க முடியும். மிக்-21இல் விமானிக்கு முன்னால் தடித்த கவசக் கண்ணாடி, அதைச் சுற்றிப் பருத்த சட்டம். அதன் வழியாக முன்னால் பார்ப்பதே சிரமம் என்று அதை ஓட்டியவர்கள் பலர் குறைப்பட்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடியான கேனபி பல பத்து வருடம் வெயிலில் நின்றது, மயிரிழை விரிசலும் மங்கலுமாக இருக்கும். இருட்டறையில் புரொஜெக்டரைப் போட்டால் அந்த வளைந்த பரப்பு முழுக்க வெளிச்சம் பிரதிபலிக்கும். இதெல்லாம் வேண்டாம், கண்ணை முழுக்க மறைக்கும் விஆர் ஹெட்செட் மாட்டிக்கொள்கிறேன் என்றால், காசு கொடுத்து வாங்கிய விமானத்தின் ஒரு ரிவெட் கூடக் கண்ணுக்குத் தெரியாது. கை மட்டும் நிஜத்தைத் தொடும். அந்தக் கை தொடும் சுவிட்ச், ஹெட்செட்டில் தெரியும் சுவிட்ச் இருக்கும் அதே இடத்தில் இருந்தாக வேண்டும். நீங்கள் டிசிஎஸ்ஸில் ஓட்டுவது 'பிஸ்' ரகம். கிழக்கு ஜெர்மனியிடம் எஃப்-13இல் தொடங்கி பிஸ் வரை பல ரகங்கள் இருந்தன, ரகத்துக்கு ரகம் பேனல் மாறும். விற்கிறவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

அசையும் மேடையில் ஏற்றும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அவ்வளவு எடையை ஆட்ட வீட்டில் வழியில்லை. சீட்டுக்கு அடியில் அதிர்வு ஸ்பீக்கர் ஒன்று வைத்தால் போதும்.

சிமுலேட்டர் என்கிற சாதனம் பேர் வாங்கியதே நிஜ விமானம் இல்லாமல்தான். 1929இல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் ஊரில் எட்வின் லிங்க் என்பவர் செய்தது, குட்டையான இறக்கை ஒட்டிய ஒரு மரப்பெட்டி. அப்பாவின் தொழிற்சாலையில் இசைக்கருவிகளுக்காகச் செய்த காற்றுத் துருத்திகளை வைத்தே அதைச் சாய்த்தார், திருப்பினார். முதலில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை, கேளிக்கைப் பூங்காக்களுக்குத்தான் போனது. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமந்துகொண்டு மோசமான வானிலையில் பறந்து வரிசையாகச் செத்த பிறகுதான் ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. என் வீட்டு சிமுலேட்டரும் பிளைவுட்தான். மேஜையில் இருந்து கழற்றிய ஸ்டிக், மூன்று மானிட்டர், பழைய கார் சீட். ஓட்டுவதற்கு அது தாராளமாகப் போதும்.

அப்புறம் எதற்கு ஒருவர் உலோகத்தை வாங்க வேண்டும்?

மிக்-21இன் பேனல் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கும். டிசிஎஸ்ஸில் தினமும் பார்த்திருப்பீர்கள். விமானம் கட்டுப்பாடு இழந்து பம்பரமாகச் சுழலத் தொடங்கினால், ஸ்டிக்கின் நடு எது என்று விமானியின் கைக்குப் புரியாது. அப்போது கண்ணை நம்பி, ஸ்டிக்கை அந்தக் கோட்டுக்கு நேராகத் தள்ள வேண்டும். மேஜை ஸ்டிக்கில் கையை எடுத்தால் ஸ்பிரிங் தானாக நடுவுக்குக் கொண்டுவந்துவிடும், கோட்டுக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு மிக்-21இல் உட்கார்ந்து பார்க்க எனக்கு வாய்த்தது. தோள் இரண்டும் பக்கச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க, முழங்கால்களுக்கு நடுவே அந்த உயரமான ஸ்டிக் நின்றது. அதன் பின்னால் அந்தக் கோடு. அங்கே உட்கார்ந்தபோதுதான், இதை யாரோ பட்டறையில் தூரிகையால் போட்டிருக்கிறார்கள் என்பதே மனதில் பட்டது.

பிரேக்கும் அப்படித்தான். மிக்-21இல் பிரேக் காலில் இல்லை, ஸ்டிக்கில் இருக்கும் ஒரு லீவரை விரல்களால் அழுத்த வேண்டும். எந்தச் சக்கரம் பிடிக்க வேண்டும் என்பதைக் காலில் இருக்கும் ரடர் பெடல் தீர்மானிக்கும். உங்கள் சாதனத்தில் அது ஒரு பட்டன். நிஜத்தில் லீவரை அழுத்தியபடியே ஸ்டிக்கையும் நகர்த்தி, ஒரு காலையும் நீட்டிப் பாருங்கள். ரஷ்ய விமானங்களில் பழகிய கைக்கு வேறு விமானம் ஏன் அந்நியமாகத் தெரிகிறது என்பது ஓடுபாதைக்குப் போகும் முன்பே விளங்கிவிடும்.

இதெல்லாம் விமானத்தைப் பற்றிய அறிவு. பறப்பதைப் பற்றியது அல்ல. நீங்கள் வாங்கப் போவது விமானம், சிமுலேட்டர் அதைச் சாக்கிட்டு வருவது. இங்கிலாந்தில் நியூவார்க் விமான அருங்காட்சியகத்தில் காக்பிட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொத்தை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து கூடும் விழா ஒன்று நடக்கும். அந்த மாதிரி ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் எத்தனை மணி நேரம் 'பறந்தார்கள்' என்று சொல்ல மாட்டார்கள். காணாமல் போன ஒரு சுவிட்சின் மூடியை எங்கே பிடித்தார்கள் என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

இது ஒத்துவந்தால் வாங்குங்கள். வாங்கினால், திரும்பப் பழையபடி ஆக்க முடியாத எதையும் செய்யாதீர்கள். பேனலில் புதிதாக ஓட்டை போடக் கூடாது. வயரை வெட்டக் கூடாது. பழைய வட்ட கனெக்டர்களுக்குப் பொருந்தும் ஜோடியைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து உங்கள் ஆர்டினோ என்ற குட்டிக் கணினிப் பலகைக்கு வயர் இழுங்கள். ஆர்டினோவை டிசிஎஸ்ஸோடு பேச வைக்க டிசிஎஸ்-பயாஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அந்த வேலையை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

கேஜ் விஷயத்தில்தான் நிறையப் பேர் கையை வைத்துக் கெடுக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் இயந்திரத்தைக் குப்பையில் போட்டு, கார் டேஷ்போர்டில் வரும் குட்டி ஸ்டெப்பர் மோட்டாரைப் பொருத்திவிடுவார்கள். வேலை சுலபம், முள்ளும் நன்றாக ஆடும். எனக்கு அது பிடிக்கவில்லை. நகலாகக் கிடைக்கும் முகப்பை வைத்துச் செய்ய வேண்டிய வேலையை எதற்கு அசலில் செய்ய வேண்டும்?

உயரம் காட்டும் கேஜும் வேகம் காட்டும் கேஜும் காற்றழுத்தத்தில் ஓடுபவை. ஆல்டிமீட்டருக்குள் காற்றை உறிஞ்சி அடைத்த மெல்லிய உலோகச் சிமிழ் ஒன்று இருக்கும். சுற்றிலும் அழுத்தம் குறையக் குறைய அது உப்பும், அந்த உப்பலைப் பல்சக்கரங்கள் முள்ளின் நகர்வாக மாற்றும். வேகம் காட்டும் கேஜில் எதிர்க்காற்றின் அழுத்தம் பிட்டோ குழாய் வழியாகச் சிமிழுக்கு உள்ளே போகும். சாதாரண அழுத்தம் ஸ்டேட்டிக் குழாய் வழியாகச் சிமிழுக்கு வெளியே வரும். ஆகவே இந்த இரண்டு குழாயிலும் நீங்கள் பொய்யான காற்றைக் கொடுத்தால் போதும், கேஜைத் திறக்கவே வேண்டாம். கடல் மட்டத்தில் 1013 மில்லிபார், 10,000 மீட்டரில் ஏறத்தாழ 265. சின்ன வேக்யூம் பம்ப் ஒன்றே கால்வாசிக்கு இறக்கிவிடும். கடல் மட்டத்தில் 1000 கிலோமீட்டர் வேகம் காட்ட பிட்டோ பக்கம் ஸ்டேட்டிக் பக்கத்தைவிட அரை வளிமண்டலத்துக்குச் சற்றே மேல் அழுத்தம் கூடுதலாக வேண்டும். பம்ப், மின்வால்வுகள், அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருந்தால், சிமுலேட்டர் சொல்லும் உயரத்துக்கு உரிய அழுத்தம் வரும்வரை வால்வைத் திறந்து மூடுவது உங்கள் நிரல். லிங்க்கின் துருத்தி வேலைதான் இதுவும்.

இதில் ஒரு கண்டம் உண்டு. ஸ்டேட்டிக் குழாயை உறிஞ்சும்போது பிட்டோ குழாய் அறைக் காற்றுக்குத் திறந்து கிடந்தால், கேஜ் அதை இல்லாத பெரும் வேகமாக எடுத்துக்கொள்ளும். அந்தக் கேஜின் வரம்பைத் தாண்டினால் சிமிழ் நெளிந்துவிடும். எனவே இரண்டு குழாய்க்கும் நடுவில் ஒரு வால்வு வையுங்கள், மின்சாரம் போனால் தானாகத் திறந்து இரண்டையும் சமமாக்கும் ரகமாகப் பார்த்து. காற்றையும் மெதுவாகத்தான் உள்ளே விட வேண்டும். திடீரென்று விட்டால் ஏறும் இறங்கும் வேகம் காட்டும் கேஜ் போய்விடும்.

விமானப்படையில் கேஜ்களைச் சரிபார்க்கும்போது செய்வதும் இதேதான். பிட்டோ-ஸ்டேட்டிக் டெஸ்டரை மாட்டி, கையால் பம்ப் அடித்து, விமானம் தரையில் நிற்கும்போதே முள்ளை மேலே ஏற்றிப் பார்ப்பார்கள். இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டருக்கு அது அன்றாட வேலை. சித்தப்பாவிடம் தயங்காமல் பேசுங்கள். "சிமுலேட்டர்" என்று தொடங்காதீர்கள், "சித்தப்பா, ஸ்டேட்டிக் லைனில் லீக் எப்படிப் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். அன்றைக்கு போன் பில் எகிறும்.

எல்லா கேஜுக்கும் இந்த வித்தை பலிக்காது. தொடுவான நிலையைக் காட்டும் கேஜுக்கு அசையாத கராஜில் வேலை இல்லை, அதற்கு மின்சமிக்ஞை கொடுத்து ஏமாற்ற வேண்டும். அது கேட்பது 36 வோல்ட், 400 ஹெர்ட்ஸ். வீட்டில் வருவதோ 50 ஹெர்ட்ஸ். ஆடியோ ஆம்ப்ளிஃபயரை வைத்து அதை உண்டாக்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் வருடத்துக்கு அந்த ஓட்டையில் ஒரு சின்னத் திரையை வைத்துச் சமாளித்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பாவம் என்கிற உங்கள் நண்பருக்கு: மிக்-21 பத்தாயிரத்துக்கு மேல் செய்யப்பட்ட விமானம், அதில் நிறைய உருக்கப்பட்டுவிட்டன. அறுத்தது நீங்கள் இல்லை. அமெரிக்காவின் எஃப்-14 போர் விமானத்தின் பிரியர்களைக் கேட்டால் தெரியும். 2006இல் அது ஓய்வு பெற்ற பிறகு, உதிரிபாகங்கள் ஈரானுக்குப் போய்விடும் என்ற பயத்தில் அரசாங்கமே நிறைய விமானங்களைத் துண்டு துண்டாக அரைத்துவிட்டது. அமெரிக்கா அந்த விமானத்தை விற்றிருந்த ஒரே வெளிநாடு ஈரான்தான். அதனால் எஃப்-14 பைத்தியம் பிடித்தவர்கள் முக்கால்வாசிப் பேர் பிளைவுட்டோடு நிற்கிறார்கள். அறுத்துப் போட்ட காக்பிட்டில் உட்கார்ந்து விளையாடுவதில் பாவம் இல்லை. கோப்பை வைக்க வசதியாக இருக்குமென்று பக்கப் பேனலில் டிரில் போடுவதுதான் பாவம்.

ஆபத்துக்கு வருகிறேன். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எஜெக்‌ஷன் சீட் என்பது வெடிமருந்தால் விமானியை வெளியே எறியும் கருவி. கேனபியைத் தூக்கி எறியவும் வெடிமருந்துத் தோட்டா உண்டு. "எப்போதோ எடுத்துவிட்டார்கள்" என்ற வாய்வார்த்தை செல்லாது. செயலிழக்கச் செய்ததற்கான காகிதம் வேண்டும், விவரம் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தோட்டா அறையையும் திறந்து பார்க்க வேண்டும். காகிதம் இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடுத்தது ரேடியம். 1950, 60களின் பழைய கேஜ்கள் சிலவற்றில் முள்ளும் எண்களும் ரேடியம் கலந்த பெயின்ட். இன்று இருட்டில் ஒளிராது, ஒளி தரும் பொருள்தான் செத்திருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள் 1600 வருடம், அது அப்படியே இருக்கும். கதிரியக்கத்தைக் கண்டுபிடிக்கும் கைகர் கவுன்ட்டரை ஒவ்வொரு கேஜின் மேலும் பிடித்துப் பாருங்கள். சத்தம் போட்டால் கண்ணாடியைத் திறக்கவே கூடாது, உதிரும் தூள் மூச்சில் போனால் கெடுதல். கராஜில் காற்றோட்டமும் வேண்டும். அதேபோல், உலோகத்தின் மேல் மஞ்சள் கலந்த பச்சையில் ப்ரைமர் தெரிந்தால் அது குரோமேட்டாக இருக்கலாம், புற்றுநோய் வரவழைப்பது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். பெயின்ட் அடித்துப் புதுசாக்கும் ஆசையையே நான் விட்டுவிடச் சொல்வேன். காக்பிட் உட்புறத்தின் அந்த நீலப்பச்சை, தேய்ந்த இடங்களோடு இருப்பதுதான் அழகு.

கடைசியாக கராஜ். எஃப்-13க்குப் பிந்தைய ரகங்கள் பலவற்றில் கேனபி வலப்பக்கமாகச் சாய்ந்து திறக்கும், ஏறுவது இடப்பக்கத்திலிருந்து ஏணி வைத்து. அதாவது வலப்பக்கம் கேனபிக்கு இடம் வேண்டும், இடப்பக்கம் உங்களுக்கும் ஏணிக்கும் இடம் வேண்டும், மேலே கேனபி முழுதாக எழும்ப உயரமும் வேண்டும். டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். கார் வெளியே நிற்கப் போகிறது, குளிர்கால டயர்களுக்கும் சைக்கிள்களுக்கும் வேறு இடம் பார்க்க வேண்டும். அதை வீட்டில் பேசி முடித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.