பூஜைத் தட்டில் பரிசு வைக்கலாமா?

வேலை இடத்துப் பிரச்சினைகள் குறித்து வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, கோவை நூற்பாலை ஒன்றில் 29 ஆண்டுகள் தொழிலாளர் நல அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார் பதில் சொல்கிறார். இந்த இதழில் பண்டிகைக் காலக் கேள்விகள்.

கேள்வி: அம்மா, 140 பேர் வேலை செய்யும் பம்ப் உதிரிபாகக் கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். போன வருடம் ஆயுத பூஜை முடிந்த கையோடு மேடை போட்டு, 'சிறந்த ஊழியர்' என்று 5 பேருக்குத் தங்கக் காசு கொடுத்தோம். காலையில் அவ்வளவு கலகலப்பாக இருந்தவர்கள், மத்தியானப் பந்தியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். இந்த வருடம் பரிசே வேண்டாம் என்கிறார் எம்.டி. நன்றாக உழைப்பவர்களைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. என்ன செய்யட்டும்?
— வாசகி, கோவை

பதில்: அம்மணி, பரிசை நிறுத்த வேண்டாம். தேதியை மாற்றுங்கள்.

நீங்கள் செய்த அதே காரியத்தை நானும் ஒரு வருடம் செய்தேன். ஆலையில் சேர்ந்து மூன்றாவது ஆயுத பூஜை. ஒரு நாள்கூட லீவு போடாத ரிங் பிரேம் சைடர் (நூல் நூற்கும் மிஷினைப் பார்த்துக்கொள்பவர்) ஒருவருக்கு எவர்சில்வர் குடம் கொடுக்கலாம் என்று நிர்வாகத்திடம் நான்தான் கேட்டு வாங்கினேன். பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுக்கத் தொடங்குமுன் பெயரைப் படித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். சாயங்காலம் அதே டிபார்ட்மெண்டில் வேலை செய்யும் இன்னொரு அம்மா என் அறைக்கு வந்து, தன் இனிப்புப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். "என் பையனுக்கு மஞ்சக்காமாலைங்க மேடம், 11 நாள் ஆஸ்பத்திரில கெடந்தேன். அந்த 11 நாளுக்கு எனக்குச் சம்பளமும் இல்லை. இன்னிக்கு ஊரே பார்க்க நான் உழைக்காதவள்னு ஆயிருச்சுங்க" என்றார். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. பொட்டலத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். அவருக்கு நான் செய்தது தப்பு. குடம் வாங்கியவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது நான்.

ஆயுத பூஜை அன்று ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். முந்தின நாளே மிஷினை எல்லாம் துடைத்து, பஞ்சுத் தூசி தட்டி, வாழைக்கன்று கட்டுகிறோம். பாய்லருக்குச் சந்தனப் பொட்டு. ஸ்பேனருக்கும் அதே பொட்டு. கூட்டுகிற விளக்குமாற்றுக்கும் அதே பொட்டு. எந்த ஸ்பேனர் நன்றாக வேலை செய்தது என்று அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. அப்படி ஒரு நாளில் 140 பேரில் 5 பேரைத் தனியாக நிறுத்தினால், மீதி 135 பேருக்கு அது எப்படிப் பண்டிகையாக இருக்கும்?

அதனால் பண்டிகை என்றால் எல்லோருக்கும் ஒன்றுபோல. இதில் நான் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு கிலோ இனிப்பு, காண்டிராக்ட் ஆளுக்கு அரைக் கிலோ என்று பல கம்பெனிகளில் வைத்திருக்கிறார்கள். ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள். இரண்டு பெட்டியும் மடியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவர், வாரம் ஒருநாள் வந்து தோட்டம் பார்க்கிறவர் எல்லோரும் அந்தக் கணக்கில் வரட்டும். பணம் பற்றவில்லை என்றால் எல்லோருக்குமே அரைக் கிலோ கொடுங்கள். அதில் யாருக்கும் மனக்குறை வந்து நான் பார்த்ததில்லை. ஷிப்ட் ஓடும் இடமாக இருந்தால் முழு நைட் ஆட்களையும் மறக்காதீர்கள். எங்கள் ஆலையில் பகல் ஷிப்டுக்குச் சூடான சுண்டல், முழு நைட்டுக்கு அதே சுண்டல் காய்ந்துபோய் என்றுதான் ரொம்ப வருடம் இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு இன்னொரு அண்டா வேகவைக்க ஆகும் செலவு சொற்பம்தான்.

இனி பாராட்டு. அந்தக் குடம் விவகாரத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து, சம்பள நாளில், ஷிப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டோம். அந்தந்த டிபார்ட்மெண்ட் மேஸ்திரியே பேசுவார். 'சிறந்த' என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். சிறந்தவர் ஒருவர் என்றால் மற்றவர்கள் சிறக்காதவர்கள் என்று ஆகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, செய்த காரியத்தை மட்டும் சொல்லச் சொன்னேன். "போன செவ்வாய்க்கிழமை அரை நைட் ஷிப்டில், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமில் கருகல் வாசனை வந்ததைக் கண்டுபிடித்து, யாரையும் கேட்காமல் மிஷினை நிறுத்தியவர் இவர்." அவ்வளவுதான். பஞ்சாலையில் தீப்பொறி என்றால் என்ன ஆகும் என்று அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். நாம் விளக்க வேண்டியதில்லை. பொறாமை எழவில்லை. ஏனென்றால் அவர் செய்ததைக் கூட இருந்தவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். கூடவே 200 ரூபாய் ஒரு கவரில். கவரைவிட மேஸ்திரி வாயால் தன் பெயரைக் கேட்டதைத்தான் அவர்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

உங்கள் கம்பெனியில் தங்கக் காசுக்கு ஒதுக்கிய தொகையை 12 மாதத்துக்குப் பிரித்துப் பாருங்கள். வருகைப் பதிவை மட்டும் வைத்து யாரையும் தேர்ந்தெடுக்காதீர்கள். உடம்பு சரியில்லாத குழந்தையை வீட்டில் வைத்திருக்கும் தாய் அதில் ஒருநாளும் ஜெயிக்க முடியாது.

கேள்வி: மேடம், நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். போன டிசம்பரில் சேர்ந்தேன். 60 பேருக்கு மேல் இருக்கிறோம். போனஸ் பற்றிக் கேட்டால் "முதலாளி மனசு வச்சுக் கொடுக்கிறது, அதையெல்லாம் கேட்கக் கூடாது" என்கிறார் சூப்பர்வைசர். பழைய ஆட்களுக்கே போன தீபாவளிக்குச் சேலையும் ஸ்வீட் பாக்ஸும்தானாம். எனக்கு ஏதாவது வருமா?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: வரும். வர வேண்டும். போனஸ் யாருடைய மனசையும் பொறுத்தது இல்லை, தாயி.

1965ல் வந்து பின்னால் திருத்தப்பட்ட போனஸ் சட்டம், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வைத்தது. இப்போது அந்தச் சட்டம் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. இந்த இரண்டு எண்களும் மாறவில்லை. 8.33 எங்கிருந்து வந்தது என்று நிறையப் பேர் கேட்பார்கள். நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். வருடம் முழுக்க உழைத்தவருக்கு ஒரு மாதச் சம்பளம், அதுதான் கணக்கு. முதலாளிக்கு அந்த வருடம் லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் இது உண்டு. புதிதாகத் தொடங்கிய கம்பெனிக்கு மட்டும் முதல் 5 வருடம், லாபம் வந்த வருடத்தில் கொடுத்தால் போதும் என்று சலுகை இருக்கிறது.

டிசம்பரில் சேர்ந்ததால் உங்களுக்கு இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான கணக்கு ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தால் போதும். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று தைத்தாலும் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும் என்று 2015 திருத்தம் வைத்தது. அதில் கணக்குப் போடும் சம்பளம் 7,000 ரூபாய் அல்லது உங்கள் வேலைக்கான குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது கூடுதலோ அது. 7,000 என்றே வைத்துக்கொண்டாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை 4 மாதத்துக்கு 28,000, அதில் 8.33 சதவீதம் 2,332 ரூபாய். குறைந்தபட்சக் கூலியை வைத்துப் போட்டால் இன்னும் கூடும். சம்பளச் சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குத் தெரிந்த ஒருவரிடம் போட்டுப் பாருங்கள்.

சேலை கொடுத்து இதைத் தீர்க்க முடியாது. போனஸ் பணமாகத்தான் வர வேண்டும். சேலை கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள், அது பண்டிகைக்கு. தீபாவளிக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கணக்கு ஆண்டு முடிந்து 8 மாதத்துக்குள் என்கிறது. மார்ச் 31ல் முடிந்தால் நவம்பர் 30 வரை. தீபாவளி எப்போதும் அதற்குள் வந்துவிடுவதால் நமக்கு அது தீபாவளி போனஸ் ஆகிவிட்டது. பெயர் ஒட்டிக்கொண்டதில்தான் கெடுதலும் வந்தது; உழைத்த பணத்தைப் பண்டிகை இனாம்போல நீட்டுகிறார்கள். தமிழ்நாட்டுப் பொதுத்துறை நிறுவனங்களின் சி, டி பிரிவுத் தொழிலாளர்களுக்கு 2024 தீபாவளிக்கு அரசு 20 சதவீதம் அறிவித்தபோது எப்படிப் பிரித்தது பாருங்கள்: 8.33 போனஸ், 11.67 கருணைத் தொகை. எது கடன், எது கூடுதல் என்று தனித்தனி வரி. உங்கள் சூப்பர்வைசரிடம் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து போங்கள். நடக்கவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகம் திருப்பூரிலேயே இருக்கிறது.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் தீபாவளிக்கு ரங்கோலி, வேட்டி சேலை நாள் எல்லாம் உண்டு. ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரு வாழ்த்துகூட இல்லை. கேட்டால் பிரிவினை பேசுவதாக நினைப்பார்களோ?
— வாசகர், திருச்சி

பதில்: நினைத்தாலும் கேளுங்கள் தம்பி. 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளோடு, 5 பண்டிகை நாட்களும் விடுமுறை. அந்த ஐந்தின் பட்டியல் தயாராகும்போதே பேசிவிட வேண்டும். பண்டிகை வந்த பிறகு பேசினால் மனவருத்தம்தான் மிச்சம். விழா எடுக்கச் சொல்லிக் கேட்பதைவிட, நோன்பு மாதத்தில் சாயங்காலக் கூட்டம் வைக்காதீர்கள் என்று கேட்பது பலன் தரும்.

கேள்வி: சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் டீம் லீட். 9 பேர். தலைக்கு 500 ரூபாய் பண்டிகை பட்ஜெட். கம்பெனி லோகோ போட்ட டப்பாவில் முந்திரி பாதாம் கொடுத்துக் கொடுத்துச் சலித்துவிட்டது. வேறு யோசனை?
— வாசகி, சென்னை

பதில்: முந்திரி இருந்துவிட்டுப் போகட்டும். அதனோடு வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சென்னையில் பிறந்து பெப்சிகோ நிறுவனத்துக்குத் தலைமை ஏற்ற இந்திரா நூயி, தன்னிடம் வேலை செய்த மூத்த அதிகாரிகளின் பெற்றோருக்குக் கடிதம் எழுதி வந்தார். உங்களுக்கு 9 கடிதம்தான். மகன் கம்ப்யூட்டரில் என்னதான் செய்கிறான் என்று தெரியாத அப்பா அம்மா எத்தனையோ பேர். அதை அவர்களுக்குப் புரிகிற தமிழில் சொல்லுங்கள். ஒருவருக்கு எழுதியதையே பெயர் மாற்றி ஒன்பது பேருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி: மதுரையில் எங்களுக்கு ஜவுளிக்கடை. 35 பெண் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். தீபாவளிக்கு முந்தின பத்து நாளும் ராத்திரி வெகுநேரம் ஆகிவிடும். பாவம், நின்றுகொண்டே இருக்கிறார்கள். இந்த வருடம் அவர்களுக்குப் பெரிதாக ஏதாவது பாராட்டு விழா நடத்த வேண்டும் என்று எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஆசை. எப்படிச் செய்யலாம் அக்கா?
— வாசகி, மதுரை

பதில்: உங்கள் நல்ல மனசு எழுத்திலேயே தெரிகிறது, அதனால் உரிமையோடு சொல்கிறேன். விழா அப்புறம் இருக்கட்டும். முதலில் நாற்காலி போடுங்கள். 2021ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். வைத்த கடைகளிலும் அதில் துணிக்கட்டு அடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கூட்டம் இல்லாத பத்து நிமிடம் உட்கார்ந்தால் யாரும் கேட்க மாட்டோம் என்று நீங்களும் வீட்டுக்காரரும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் உட்கார மாட்டார்கள்.

கூடுதல் நேரத்துக்கு உண்டான பணத்தைக் கணக்குப் போட்டு, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். ஊருக்கெல்லாம் துணி எடுத்துப் போட்ட பிள்ளை, தன் தம்பிக்கு ஒரு சட்டை எடுக்க நேரமில்லாமல் நடுராத்திரியில் நிற்பாள். அவர்கள் வீட்டுக்குத் துணி எடுக்க ஒரு காலை நேரம் ஒதுக்கி, வாடிக்கையாளருக்குக் காட்டுகிற அதே பொறுமையோடு நீங்கள் எடுத்துக் காட்டுங்கள்.

கடைசியாக, பயணம். 35 பேரில் திருமங்கலம் பக்கம் எத்தனை பேர், மேலூர் பக்கம் எத்தனை பேர், சோழவந்தான் பக்கம் எத்தனை பேர் என்று இன்றைக்கே எழுதுங்கள். கடைசி பஸ் போன பிறகு கடை அடைக்கும் நாட்களுக்கு வேன் பேசிவிடுங்கள், தீபாவளி நெருங்கினால் கிடைக்காது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஒவ்வொரு வேனிலும் உங்கள் வீட்டு ஆள் ஒருவர் ஏறி, கடைசிப் பிள்ளை வீட்டுக் கதவு திறந்ததும் உங்களுக்கு போன் பண்ணச் சொல்லுங்கள்.