கொம்பாவுனும் காம்பவுண்டும்

கேள்வி: மலேசியாவில் விதிமீறலுக்குப் பணம் கட்டச்சொல்லிக் கார் கண்ணாடியில் செருகிவிட்டுப் போகிறார்களே ‘கொம்பாவுன்’ சீட்டு, அதற்கும் ஆங்கிலக் காம்பவுண்டுக்கும் என்ன சம்பந்தம்? அகராதியில் கலவை, கூட்டு என்றுதான் இருக்கிறது. ஆங்கிலத்தை இப்படியா கெடுப்பது? (வாசகர், செந்தூல்)

பதில்: முதல் இரண்டு வரியோடு அகராதியை மூடிவிட்டால் அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் கீழே போயிருந்தால், காசு வாங்கிக்கொண்டு வழக்குப் போடாமல் விடுவது என்ற பொருளும் கண்ணில் பட்டிருக்கும். லத்தீனில் ‘சேர்த்து வைப்பது’ என்று கிளம்பிய சொல், கடனைப் பேசித் தீர்ப்பதற்கு வந்து, அப்புறம் குற்றத்தையே பேசித் தீர்ப்பதற்கும் வந்துவிட்டது. இங்கிலாந்தில் பெருங்குற்றத்தை இப்படிக் கமுக்கமாக முடித்துக்கொள்வதே தனிக்குற்றமாக இருந்தது, 1967-ல் வந்த சட்டம்தான் அந்தப் பழைய குற்றத்தை எடுத்துவிட்டது. இந்தியச் சட்டத்திலும் சமரசமாகத் தீர்க்கக்கூடிய குற்றங்களுக்கு இதே சொல்தான். இதில் மலேசியாக்காரன் எதைக் கெடுத்தான்?

கெடுத்தது வேறு இடத்தில். கொம்பாவுனை ‘அபராதம்’ என்று எழுதுகிறோமே, அது. அபராதம் என்பது குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு நீதிமன்றம் போடுவது. கொம்பாவுனில் தீர்ப்பே கிடையாது. இந்தத் தொகையைக் கட்டு, இதோடு விட்டுவிடுகிறோம் என்கிற பேரம்தான், பல சீட்டுகளில் ‘தவாரான்’ என்ற மலாய்ச் சொல்லே அச்சாகியிருக்கும், அதாவது ‘தருகிறோம், ஏற்றுக்கொள்கிறாயா?’ என்று கேட்பது. கட்டினால் கதை முடிந்தது. கட்டாவிட்டால் வழக்கு வரலாம், அங்கே போய் நான் செய்யவில்லை என்று வாதாடவும் செய்யலாம். 2021 மார்ச்சில், கோவிட் விதிகளை மீறிய தனிநபருக்கான உச்சத்தொகை 10,000 ரிங்கிட் ஆனதே, அதுவும் கொம்பாவுன்தான். நாம் எல்லாவற்றையும் ‘சம்மன்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம் (சம்மன் என்பது நீதிமன்றத்துக்கு வரச்சொல்லும் அழைப்பு, அது இன்னொரு கேள்விக்கு ஆகும்).

சரி, வீட்டைச் சுற்றியிருக்கும் காம்பவுண்டு? அது வேறு ஆள், எழுத்து மட்டும்தான் ஒன்று. மலாய்க் ‘கம்போங்’ (கிராமம், குடியிருப்பு) ஐரோப்பியர் வாயில் புகுந்து அப்படி ஆனது என்பதுதான் பெரும்பாலான அகராதிகள் சொல்வது. ஆங்கிலேயன் அதை இந்தியாவுக்குக் கொண்டுபோய்ப் பங்களாவுக்குச் சுவர் வைத்தான், நாம் ‘காம்பவுண்டு சுவர்’ என்று பிடித்துக்கொண்டோம். யார் யார் மொழியைக் கெடுத்தது என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தால், இந்த ஒரு சொல்லிலேயே மலாய்க்காரர்தான் முதலில் புகார் கொடுக்க வேண்டியிருக்கும்.