விற்றவர் இரண்டு மாதம் இருக்கட்டுமா?

கேள்வி: ஆரையம்பதியில் ஒரு வீடு வாங்குகிறோம். விற்கிற ஐயா, மகளுக்குக் கட்டும் வீட்டின் பூச்சு வேலை முடியுமட்டும் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறார். என்ன வாடகை கேட்பது நியாயம்? அதே ஒழுங்கையில் இந்த அளவு வீடு மாதம் 30,000 ரூபாய்க்குப் போகிறது. எங்களுக்கு வங்கி வட்டியே 52,000.
- வாசகி, கல்லடி

பதில்: வட்டியை அவர் தலையில் கட்டாதீர்கள் தங்கச்சி. கடன் எடுத்தது நீங்கள். ஒழுங்கை வாடகை 30,000தான் கணக்கு. அவர் இருப்பதற்காக விலையில் ஏதும் குறைத்துத் தந்திருந்தால் அந்த வாடகையையும் கேட்க வேண்டாம். கரண்ட், தண்ணி பில் அவருடையது. உறுதி முடிக்கிற அன்றே மீட்டரைப் போனில் படமெடுத்து வையுங்கள்.

எனக்குப் பயம் மூன்றாம் மாதத்தை நினைத்துத்தான். மார்கழி மழை பிடித்தால் பூச்சும் காயாது, மேசனும் வரமாட்டார். ஆகவே நாள் கணக்கும் எழுதுங்கள்: குறித்த திகதிவரை நாளுக்கு 1,000, தாண்டினால் 2,000. விலையில் ஒரு பங்கை, ஐந்து லட்சம் என்று வையுங்களேன், திறப்பு கைக்கு வரும் அன்று கொடுப்பதாகப் பேசுங்கள். காசு நின்றால் மேசனும் ஓடி வருவார்!

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். வெறுங் கடுதாசியில் கையெழுத்து வாங்கி அலுமாரிக்குள் வைப்பது போதாது. வளவுத் தேங்காய் யாருக்கு என்பதையும் நொத்தாரிசு எழுதுவதிலேயே போட்டுவிடுங்கள். நான் பார்த்த சண்டைகளில் பாதி அதற்குத்தான்.