இனிப்பை நிறுத்தியும் காலைச் சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

வாசகர் கேள்வி: வயது 46, உயரம் 170 செ.மீ., எடை 82 கிலோ. ஆறு மாதமாக இனிப்பைத் தொடுவதில்லை. இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, படுக்கப்போகும் முன் பழச்சாறும் இரண்டு மூன்று கைப்பிடி முந்திரி, பாதாமும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 112, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.0. எடையும் இறங்கவில்லை. மருந்து எதுவும் சாப்பிடவில்லை. மாவுச்சத்தை அடியோடு நிறுத்திவிடலாமா?

பதில்: அடியோடு நிறுத்தத் தேவையில்லை. உங்கள் இரண்டு எண்களும் நீரிழிவுக்கு முந்தைய நிலையில்தான் இருக்கின்றன (வெறும் வயிற்றில் 100–125, எச்பிஏ1சி 5.7–6.4).

காலையில் மீட்டர் காட்டும் சர்க்கரையில் பெரும்பகுதி முந்தின இரவு சாப்பிட்டதிலிருந்து வருவதில்லை. நாம் தூங்கினாலும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். அதை விடிய விடிய ரத்தத்தில் விட்டுக்கொண்டிருப்பது கல்லீரல். 'போதும், நிறுத்து' என்று அதை அடக்கிவைப்பது இன்சுலின். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிட்டால் அந்த அதட்டல் எடுபடாது. கல்லீரல் தன் போக்கில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். எனவே காலை எண்ணை இறக்க, கல்லீரல் கொழுப்பைக் கரைக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் உங்கள் இரவு உணவு இடிக்கிறது. ஒரு டம்ளர் பழச்சாறில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். அதில் ஏறக்குறைய பாதி ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. அது பெரும்பாலும் கல்லீரலுக்குத்தான் போகிறது, மிஞ்சினால் அங்கேயே கொழுப்பாகிறது. நீங்களே வீட்டில் பிழிந்தாலும் இதேதான். பழமாகவே மென்று தின்றால் நார்ச்சத்தும் சேர்ந்து வரும். நாலு ஆரஞ்சை ஒரே மூச்சில் யாரும் தின்பதில்லை. முந்திரி, பாதாம் நல்லவைதான். ஆனால் 30 கிராம் கொண்ட ஒரு கைப்பிடியிலேயே 170 கலோரி இருக்கிறது. மூன்று கைப்பிடி என்றால் ஒரு முழு வேளைச் சாப்பாட்டின் கணக்கு. எடை இறங்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மாவுச்சத்தைக் குறைத்தால் சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை குறையும், உண்மை. ஆனால் இன்சுலின் சொல்வதை உடல் மறுபடி கேட்க வைப்பதில், எதை விட்டீர்கள் என்பதைவிட எடை இறங்கியதா என்பதே முக்கியம். அமெரிக்காவில் 2002-இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் உடல் எடையில் 7% குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும்தான் இலக்கு. அப்படி முயன்றவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58% குறைந்தது. மாவுச்சத்துக்கு அங்கே தடையே இல்லை. உங்கள் எடைக்கு அந்த 7% என்பது 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

பழச்சாறை விட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்புங்கள். படுக்கப்போவதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். காய்கறி, பருப்பு, முட்டை போன்றவற்றை முதலில் சாப்பிட்டு, சோறோ ரொட்டியோ எதுவானாலும் அளவைக் குறைத்துக் கடைசியில் எடுங்கள். இந்த வரிசை மாற்றம் மட்டுமே சர்க்கரை ஏறும் உச்சத்தைக் குறைக்கும். கை கழுவியதும் ஒரு 15 நிமிடம் நடங்கள். வேலை செய்யும் தசை, இன்சுலின் துணையில்லாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தினமும் காலையில் விரலைக் குத்திப் பார்த்து மனம் உடைய வேண்டாம். வீட்டு மீட்டர்களில் 15% வரை முன்பின் இருக்கலாம். 112-ஐயும் 105-ஐயும் அதை வைத்துப் பிரித்தறிய முடியாது. அதைவிட இடுப்புச் சுற்றளவு நல்ல அடையாளம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள். உங்கள் உயரத்துக்கு 85 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும். அப்போது ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். குளுக்கோஸ் கரைசல் குடித்துச் செய்யும் பரிசோதனையை மருத்துவர் எழுதிக்கொடுத்தால், அதற்கு முந்தைய மூன்று நாளும் மாவுச்சத்தைக் குறைக்காமல் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இல்லையென்றால் அதிலும் இல்லாத சர்க்கரை இருப்பதுபோல் காட்டும்.