பரிசலில் போகலாம், குளிக்க இறங்காதீர்கள்

கேள்வி: நண்பர் குடும்பத்தோடு சேர்ந்து எட்டுப் பேர் கொடைக்கானல் மேல்மலையில் டென்ட் போட்டு இரண்டு நாள் தங்கப்போகிறோம். மன்னவனூர் ஏரிக்குப் போகலாமா? பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: தாராளமாகப் போங்கள். டவுனுக்குள் 1863-ல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய ஏரியில் லீவு நாளில் படகுக்கு வரிசையில் நிற்பதை விட, 35 கி.மீ. போல பூம்பாறை வழியாக வளைந்து வளைந்து போய் அந்தப் புல்மேட்டில் உட்காருவது எவ்வளவோ மேல். இ-பாஸ் மட்டும் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.

ஆனால் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். மேலே பார்த்தால் அமைதியான தண்ணீர்தான், அடியில் சேறு. இப்படி ஒரு மலை ஏரியில் என் தங்கை மகன் கரையோரம் ஒரு காலை வைத்தான், முழங்கால் வரை உள்ளே போய்விட்டது, இரண்டு பேர் சேர்ந்து தூக்கியும் செருப்பு மேலே வரவில்லை. எனக்கு இப்போதும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

பரிசலில் ஏறினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, பக்கிளைப் போட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறினால் அது பெரிய சைஸ், வேறு கேளுங்கள். கூட்டமாகப் போகும்போது 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று ஆளாளுக்கு நினைத்துவிடுவோம், அதனால் அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ராத்திரி எவ்வளவு குளிரினாலும் டென்டுக்குள் அடுப்போ கரியோ வேண்டாம். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கூடுதலாக இரண்டு கம்பளி எடுத்துப் போங்கள்.