பழைய வில்லிஸ் ஜீப்பில் அம்பாசடர் டீசல் இன்ஜினை மாட்டலாமா?

மாட்டலாம் அண்ணாச்சி, ஆனால் நான் மாட்ட மாட்டேன். உங்கள் சிஜே-3பி மாடல் வில்லிஸ் ஜீப்பின் பெட்ரோல் இன்ஜின் சுமார் 2,200 சிசி. அம்பாசடர் டீசலோ வெறும் 1,489 சிசி. மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை மலை ஏறும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதைவிட 2,112 சிசி பெஜோ டீசல் எவ்வளவோ மேல், பழைய மஹிந்திரா ஜீப்புகளிலேயே வந்ததுதான், திருநெல்வேலிப் பக்கம் அதைப் பிரித்துப் போடத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்.

எந்த இன்ஜின் என்றாலும், அதற்கும் ஜீப்பின் டி-90 கியர்பாக்ஸுக்கும் நடுவில் வரும் அடாப்டர் பிளேட்டை லேத்தில் கடையும்போது இரண்டின் மையமும் மயிரிழை பிசகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிசகினால் கிளட்சும் கியர்பாக்ஸ் பேரிங்கும் சீக்கிரமே போய்விடும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி (ஆயில் சம்ப்) முன் ஆக்சிலில் இடிக்கிறதா என்று ஸ்பிரிங்கை அமுக்கிப் பாருங்கள்.

அப்புறம், பலரும் மறக்கிற விஷயம் வைப்பர். பழைய ஜீப்பில் அது இன்ஜின் காற்றை உள்ளிழுக்கும்போது உண்டாகிற வேக்குவத்தில் (வெற்றிட இழுப்பில்) ஓடும், டீசலில் அந்த வேக்குவம் கிடையாது. வேக்குவம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டர் போடுங்கள், இல்லையென்றால் மின்சார வைப்பருக்கு மாறிவிடுங்கள். வண்டி இன்னும் 6 வோல்ட் என்றால் வயரிங் முழுவதையும் 12-க்கு மாற்ற வேண்டும்.

டிஃபரன்ஷியல் விகிதம் 5.38, அதாவது டாப் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 5.38 சுற்று சுற்ற வேண்டும் என்பதால், 80 கிலோமீட்டர் வேகத்திலேயே இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டும், தூத்துக்குடி நாலுவழிச் சாலையில் விரட்டாதீர்கள்.

ஆர்டிஓ அனுமதி கையில் வராமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம், ஆர்சி-யில் எரிபொருளே மாறுகிறது.